கொம்புச்சாவுக்குச் சுவை சேர்க்க எந்த வழி? பழம், சாறு, உலர்ந்த பொருள்: ஓர் ஒப்பீடு

கொம்புச்சா என்பது இனிப்புத் தேநீரைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம். முதல் ஜாடி நன்றாகப் புளித்து வந்த பிறகுதான் பலருக்கும் குழப்பம் தொடங்குகிறது. இனி இதில் என்ன சேர்ப்பது? ஒருவர் பழத்தை நறுக்கிப் போடச் சொல்கிறார், இன்னொருவர் சாறுதான் நல்லது என்கிறார், மூன்றாமவர் தேயிலையிலேயே வாசனை வந்துவிட வேண்டும் என்கிறார். செய்து பார்த்தவர்கள் கேட்பதோ பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: "எனக்கு ஏன் குமிழியே வரவில்லை?", "மூடியைத் திறந்ததும் பாதி பாட்டில் தரையில் கொட்டிவிட்டதே, ஏன்?"

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. சுவைக்காக எதைச் சேர்த்தாலும் அதோடு கொஞ்சம் சர்க்கரையும் மூடிய பாட்டிலுக்குள் போகிறது. எவ்வளவு போகிறது, எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் அமையும். ஆகவே எந்தப் பழம் என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த வழி என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இங்கே நான் கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கமான கலவை: 1 லிட்டர் தண்ணீர், 6 முதல் 8 கிராம் தேயிலை, 70 கிராம் சர்க்கரை, முந்தைய தடவை புளித்த தேநீரில் 100 முதல் 150 மில்லி, ஒரு ஸ்கோபி (ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வளரும், தேநீரைப் புளிக்க வைக்கும் வழுவழுப்பான படலம்). வாயில் துணி கட்டிய கண்ணாடி ஜாடியில், 24 முதல் 28 டிகிரி செல்சியஸில், 7 முதல் 12 நாள். இது முதல் புளிப்பு. பாட்டிலில் ஊற்றி இறுக மூடி வைக்கும் அடுத்த சில நாட்கள் இரண்டாம் புளிப்பு.

## எதை வைத்து எடை போடுவது

பாட்டிலுக்குள் போகும் சர்க்கரை. முதலில் பார்க்க வேண்டியது இது. ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை முழுவதும் புளித்தால் ஏறக்குறைய 2 கிராம் கரியமில வாயு உண்டாகும். அந்த வாயுவை வெளியே விட்டால் சுமார் 1 லிட்டர் இடத்தை நிரப்பும். 10 கிராம் சர்க்கரை புளித்தால் நாக்கில் நன்றாகச் சுர்ரென்று ஏறும் பானம் கிடைத்துவிடும். ஷாம்பெயின் தயாரிப்பில் லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரை சேர்த்து, பாட்டிலுக்குள் சுமார் 6 வளிமண்டல அழுத்தத்தை வரவழைக்கிறார்கள். அதற்காகவே தடித்த கண்ணாடியில் செய்த பாட்டில்கள் அவை.

இப்போது உங்கள் ஜாடியை நினைத்துப் பாருங்கள். 70 கிராமில் ஆரம்பித்த சர்க்கரையில் ஒரு நல்ல பங்கு, குடிக்கும் பதத்திலும் மிச்சம் இருக்கும். 30 கிராம் மிச்சம் என்றாலே அது ஷாம்பெயின் கணக்கைத் தாண்டுகிறது. ஒன்றுமே சேர்க்காமல் மூடி, வெப்பமான அறையில் மறந்துவிட்ட பாட்டில்கூட ஆபத்தானதுதான். பழமோ சாறோ சேர்த்தால் அளவு கூடுவது மட்டுமில்லை, வேகமும் கூடும். பல பழங்களின் சர்க்கரையில் பெரும்பங்கு குளுக்கோசும் ஃபிரக்டோசும். தேநீரில் போட்ட வெள்ளைச் சர்க்கரையை ஈஸ்ட் முதலில் உடைத்துத்தான் உண்ண முடியும். அப்படிப்பட்ட பழங்களில் அந்த வேலை மிச்சம்.

ஆல்கஹால். வாயு எந்தச் சர்க்கரையிலிருந்து வருகிறதோ அதிலிருந்தேதான் ஆல்கஹாலும் வருகிறது. துணி கட்டிய ஜாடியில் காற்று போய் வருவதால், ஈஸ்ட் உண்டாக்கும் ஆல்கஹாலை அசிட்டிக் அமில பாக்டீரியா புளிப்பாக மாற்றிக்கொண்டே இருக்கும். மூடிய பாட்டிலில் காற்று கிடைக்காமல் அந்த வேலை நின்றுவிடுகிறது, ஆல்கஹால் தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை பாட்டிலில் புளித்தால் ஆல்கஹால் சுமார் 0.6 சதவீதம் கூடும். 2010-இல் அமெரிக்காவில் கொம்புச்சா பாட்டில்களைக் கடை அலமாரிகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அங்கே மது அல்லாத பானத்துக்கு 0.5 சதவீதம் எல்லை; சில பாட்டில்கள் அதைத் தாண்டியிருந்தன. நிறையக் குமிழியும் வேண்டும், ஆல்கஹாலும் கூடவே கூடாது என்றால், பாட்டில் புளிப்பில் அது நடக்காது.

மற்ற மூன்றும் சுருக்கமாக: ஒவ்வொரு தடவையும் அதே சுவை வருமா, ஸ்கோபிக்கு ஏதாவது கெடுதல் உண்டா, வடிகட்டுவது, பாட்டில் கழுவுவது என்று வேலை எவ்வளவு.

## ஒரு பார்வையில்

| வழி | 1 லிட்டருக்கு அளவு | கூடும் சர்க்கரை | குமிழி | அதே சுவை மறுபடி வருமா |
|---|---|---|---|---|
| வாசனைத் தேயிலை, முதல் புளிப்பில் | 6–8 கிராம் | இல்லை | இந்தக் கட்டத்தில் குறைவு | ஓரளவு |
| நறுக்கிய பழம் | 80–150 கிராம் | 4–20 கிராம், பழத்தைப் பொறுத்து | அதிகம், கணிக்கக் கடினம் | அரிதாக |
| வடிகட்டிய சாறு | 50–100 மில்லி | பெரும்பாலும் 5–15 கிராம் | அதிகம், கணிக்கலாம் | வரும் |
| உலர்ந்த பூ, மசாலா | 1–4 கிராம் | ஏறக்குறைய இல்லை | மிதம், மெதுவாக | நன்றாக வரும் |
| குடிக்கும்போது கலப்பது | விருப்பம் போல | புளிக்காமல் அப்படியே இருக்கும் | முன்பே இருந்த அளவு | வரும் |

## வாசனைத் தேயிலையை முதல் புளிப்பிலேயே போடுவது

வேலை குறைவு என்பதால் இந்த வழி பலரை இழுக்கிறது. இரண்டாம் புளிப்பே வேண்டாம், ஜாடியிலிருந்து நேராகக் குளிர்பெட்டிக்கு. ஆனால் வாசனை என்பது ஆவியாகிப் போகும் பொருள். ஒரு வாரத்துக்கு மேல் திறந்த ஜாடியில் இருக்கும்போது, வெளியேறும் வாயுவோடு வாசனையும் கிளம்பிவிடும். மேலே தூவிய செயற்கை வாசனைத் தேயிலைகளில் கடைசியில் மங்கலான ஒரு சாயல்தான் மிஞ்சுகிறது.

இதைவிடப் பெரிய மறைமுகச் செலவு ஸ்கோபியிடம் இருக்கிறது. பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெய் கலந்த ஏர்ல் கிரே போன்ற தேயிலைகளில் உள்ள எண்ணெய்கள் நுண்ணுயிர்களை அடக்கக்கூடியவை. ஒரு தடவையில் ஒன்றும் தெரியாது. அதே ஸ்கோபியைத் திரும்பத் திரும்ப அதிலேயே போட்டால் புளிப்பு மந்தமாகலாம். தேயிலையே இல்லாத மூலிகைக் கஷாயத்தில் மட்டும் வளர்த்தாலும், தேயிலை தரும் சத்து கிடைக்காமல் அது மெலிந்துபோகும். அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கும் புளித்த தேநீரிலும் இந்த வாசனை ஏறிவிடும் என்பது இன்னொரு தொல்லை.

இந்த வழி பொருந்துவது பூவோடு சேர்த்து வைத்து மணமேற்றிய மல்லிகைப் பச்சைத் தேயிலைக்கு. எண்ணெய் சேர்க்காத மல்லிகைத் தேநீர் ஸ்கோபிக்கு ஒத்துப்போகும், மணமும் கொஞ்சம் தங்கும். அப்போதும் உபரியாக இருக்கும் ஸ்கோபியில் செய்யுங்கள். தாய் ஜாடி என்று ஒன்றை வெறும் தேயிலை, வெள்ளைச் சர்க்கரையில் தனியாக வைத்திருப்பது அவசியம்.

பழத்தை இந்தக் கட்டத்தில் போடவே வேண்டாம். திறந்த ஜாடியில் மிதக்கும் பழத்துண்டின் ஈரமான மேற்பரப்பு பூஞ்சைக்கு நல்ல இடம். பஞ்சு மாதிரி காய்ந்த பூசணம் தெரிந்தால் பானத்தையும் ஸ்கோபியையும் சேர்த்தே கொட்டிவிட வேண்டும். மேலாக வழித்து எடுத்துவிட்டுக் குடிப்பது கூடாது.

## நறுக்கிய பழத்தைப் பாட்டிலில் போடுவது

பார்க்க அழகு, செய்யச் சுலபம், நல்ல பழமாக அமைந்துவிட்டால் இதன் சுவைக்கு ஈடு இல்லை. நன்கு பழுத்த ராஸ்பெரியோ ஸ்ட்ராபெரியோ இரண்டு நாளில் பானத்தைச் சிவக்க வைத்துவிடும். இந்தச் சிவப்பு புளிப்பில் மங்காது. அந்த நிறமி அமிலத்தில்தான் பளிச்சென்று நிற்கும்.

சிக்கல் அளவில் இருக்கிறது. 100 கிராம் ஸ்ட்ராபெரியில் சுமார் 5 கிராம் சர்க்கரை, அதே எடை மாம்பழத்தில் 14 கிராம் அளவுக்கு, திராட்சையில் இன்னும் கொஞ்சம் கூட. ஒரே பழத்தில்கூடக் கனிவுக்குத் தக்கபடி மாறும். போதாததற்குப் பழத்தோலில் அதற்கே உரிய ஈஸ்ட் ஒட்டியிருக்கும். சென்ற தடவை மூன்று நாளில் பக்குவமானது இந்தத் தடவை ஒன்றரை நாளில் பொங்கலாம். "அதே மாதிரிதானே செய்தேன்" என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் பழம் போடுகிறவர்கள்தான். கையளவு ஒன்றாக இருந்திருக்கும், பழம் ஒன்றாக இருந்திருக்காது.

திறக்கும்போது பொங்கி வழிவதற்கு அழுத்தம் மட்டும் காரணமில்லை. பழச்சதையின் சிறு துணுக்குகளைப் பிடித்துக்கொண்டு வாயு ஒரே நேரத்தில் குமிழியாக எழும்புகிறது. கூழாக அரைத்துப் போட்டால் இது இன்னும் மோசமாகும். சாறாகப் போட்டிருந்தால் அமைதியாகத் திறந்திருக்கும் அதே அழுத்தத்தில், கூழ் போட்ட பாட்டில் கூரையைத் தொடும்.

வேலையும் கூடுதல். குடிக்கும்போது வடிகட்ட வேண்டும். குறுகிய வாய் பாட்டிலில் வீங்கிய துண்டுகள் அடைத்துக்கொள்ளும். நான்கைந்து நாளுக்கு மேல் ஊறினால் பழம் சக்கையாக வெளுத்துச் சுவையும் தட்டையாகிவிடும்.

அகலமான வாயுள்ள ஜாடி இருக்கிறது, பழம் அதன் பருவத்தில் மலிந்து கிடக்கிறது, இரண்டு மூன்று நாளில் குடித்துத் தீர்த்துவிடுவீர்கள் என்றால் பழம்தான் சரி. இன்னொரு நடைமுறையும் உண்டு: பழத்தையும் கொம்புச்சாவையும் மூடிய ஜாடியில் ஒரு நாள் ஊறவைத்து, வடிகட்டிய பிறகு பாட்டிலில் அடைப்பது. அந்த ஒரு நாளும் ஜாடி மூடியை இறுக்காமல் லேசாக வைத்திருங்கள். பழத்தின் சுவை வந்துவிடும், துணுக்குகளின் தொல்லை இருக்காது. பழம்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இஞ்சி பழமில்லை என்றாலும் இதே குடும்பத்தில் சேரும். அதில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனாலும் துருவிப் போட்டால் பாட்டில் நன்றாகக் குமிழிக்கும். லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் போதும்.

## வடிகட்டிய சாறு

முதன்முறை சுவை சேர்க்கிறவர் எதில் தொடங்கலாம் என்றால், சாறு என்று தயங்காமல் சொல்வேன். காரணம், அளக்க முடிகிறது. ஆப்பிள், அன்னாசிச் சாறுகளில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை, திராட்சைச் சாற்றில் 15 கிராம் அளவு, எலுமிச்சையில் 2 அல்லது 3. ஒரு லிட்டர் பாட்டிலில் 80 மில்லி ஆப்பிள் சாறு என்றால் 8 கிராம் சர்க்கரை என்று உடனே தெரிந்துவிடும். குமிழி கூடிப்போனால் அடுத்த தடவை 60 மில்லி, குறைந்தால் 100. இந்த மாதிரிச் சரிசெய்துகொள்ளும் வசதி வேறெந்த வழியிலும் இவ்வளவு தெளிவாக இல்லை.

எலுமிச்சைச் சாறு சுவைக்கு மட்டும்தான் உதவும். குமிழிக்கு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் சேர்க்க வேண்டியிருக்கலாம். அது சுமார் 4 கிராம்.

அடைத்து விற்கும் சாற்றை வாங்கினால் லேபிளைப் படித்துவிடுங்கள். சோடியம் பென்சோவேட், பொட்டாசியம் சோர்பேட் என்று எழுதியிருந்தால் அவை ஈஸ்டை அடக்குவதற்காகவே சேர்த்தவை. "ஐந்து நாளாகியும் ஒரு குமிழிகூட இல்லை" என்ற புகாருக்கு இது ஒரு முக்கியமான காரணம். செயற்கை இனிப்பூட்டி போட்ட பானங்களும் அப்படித்தான். நாவுக்கு இனிக்கும், ஈஸ்டுக்கு உணவில்லை. சாறு கொதிக்க வைத்துப் பதப்படுத்தியது என்பதில் பிரச்சினையே இல்லை.

சாற்றுக்கும் குறை உண்டு. புதிய பழத்தின் மேல்மணம் அதில் பாதிதான் இருக்கும். ஆப்பிள் சாறு தனியாகச் சேர்த்தால் சர்க்கரை புளித்த பிறகு மிஞ்சும் சுவை மெலிதானது. புளிப்போ துவர்ப்போ தூக்கலாக உள்ள மாதுளை, கிரான்பெரி சாறுகள் புளித்த பிறகும் தங்கள் குணத்தைக் காட்டும்.

## உலர்ந்தவை: பூ, மசாலா, உலர் பழம்

சேமித்து வைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், எடை போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும். சர்க்கரை சேராததால், தேநீரில் மிச்சமுள்ளதை மட்டும் வைத்து ஈஸ்ட் மெதுவாக வேலை செய்கிறது; அழுத்தம் நிதானமாக ஏறும். நல்ல குமிழிக்குப் பழத்தைவிட இரண்டு மூன்று நாள் கூடத் தேவைப்படும்.

இங்கே கவனிக்க வேண்டியது அளவைவிட நேரம். கிராம்பு, பட்டை போன்றவற்றின் சாரம் நாளாக நாளாக ஏறிக்கொண்டே போகும். இரண்டாம் நாள் இதமாக இருந்த கிராம்பு ஆறாம் நாள் வாயை மரக்க வைக்கும். லிட்டருக்கு ஒன்றோ இரண்டோ கிராம்பு போதும், அதையும் எடுத்துவிடக்கூடிய வகையில் சிறு துணிப்பையில் போடுங்கள். ரோசெல் செம்பருத்தி தன்னளவிலேயே புளிப்பு. கொம்புச்சா கொஞ்சம் இனிப்பாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் இரண்டும் பொருந்திப்போகும். புதினா போன்ற பச்சை இலைகள் பாட்டிலில் கருத்து, வேகவைத்த கீரை மணம் கொடுக்கும். உலர்ந்த புதினாவோடு ஒப்பிட்டால் பச்சை எனக்குப் பிடிப்பதில்லை.

உலர் திராட்சையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. 15 கிராம் போட்டால் 90 மில்லி ஆப்பிள் சாறு ஊற்றியதற்குச் சமம். கந்தக டையாக்சைடு ஏற்றி நிறம் காத்த உலர் பழங்கள் ஈஸ்டை மந்தப்படுத்தலாம் என்பதால், அப்படிச் செய்யாததாகப் பார்த்து வாங்குங்கள்.

பழக்கம் பிடிபட்டவர்களுக்கு, வாராவாரம் ஒரே சுவை வேண்டும் என்பவர்களுக்கு, ஆல்கஹால் மிதமாக இருக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏற்றது.

## குடிக்கும்போது கலந்துகொள்வது

இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. வெறும் கொம்புச்சாவைப் பாட்டிலில் அடைத்து, லிட்டருக்கு 4 முதல் 6 கிராம் சர்க்கரை மட்டும் சேர்த்து, குமிழி வந்ததும் குளிர வைத்துவிடுங்கள். சாறோ நசுக்கிய பழமோ தம்ளரில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு சுவை கேட்டால் இதைவிட வசதி இல்லை. பழத்தின் மணம் துளியும் குறையாது, பச்சைப் புதினா பச்சையாகவே இருக்கும், பாட்டில் கழுவுவது ஒரு நிமிட வேலை. ஆனால் கலந்த சாற்றின் சர்க்கரையை யாரும் தின்று தீர்க்கவில்லை, முழுவதும் உங்களுக்குத்தான். சர்க்கரையைக் கணக்குப் பார்த்துக் குடிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. அடிக்கடி திறந்து மூடினால் வாயு போய்விடும் என்பதால் சிறிய பாட்டில்களில் அடைப்பது நல்லது.

## எந்த வழியானாலும் விடாத செலவு: பாட்டில்

அழகுக்காகச் செய்த சதுரப் பாட்டில்களில் அழுத்தம் மூலைகளில் குவிந்து கண்ணாடி வெடிக்கும். வாயு ஏறிய பானத்துக்காகவே செய்த, வட்டமான, தடித்த பாட்டில்களை வாங்குங்கள். சுவைக்கு ஆகும் செலவைவிட முதலில் இதற்குத்தான் ஆகும். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. மேலே 2 முதல் 3 சென்டிமீட்டர் இடம் விடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய, அதே கலவையை ஒரு சிறிய பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் அடைத்துப் பக்கத்தில் வையுங்கள். அது கையால் அமுக்க முடியாதபடி விறைத்தால் எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்கு மாற்றிவிட வேண்டியதுதான். அறை 30 டிகிரியைத் தாண்டினால், பழமோ சாறோ போட்ட பாட்டிலை ஒரே நாளில் பார்க்க ஆரம்பியுங்கள். குளிர் ஈஸ்டை மெதுவாக்கும், நிறுத்தாது. வாரக்கணக்கில் வைத்தால் அங்கேயும் அழுத்தம் ஏறும். திறப்பதற்கு முன் இரவு முழுவதும் குளிர வைத்தால் வாயு பானத்துக்குள் நன்றாகக் கரைந்திருக்கும். மூடிமேல் துணி போட்டு, கழுவு தொட்டியின் மேல் வைத்துத் திறங்கள்.

கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், சிறு குழந்தைகள், மதுவை முற்றிலும் தவிர்ப்பவர்கள் ஆகியோருக்கு வீட்டில் செய்த கொம்புச்சா எந்தச் சுவையிலும் வேண்டாம்.

## இரண்டு வழிகளைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், பல நல்ல சுவைகள் அப்படித்தான் வருகின்றன. சர்க்கரை தரும் பொருள் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். மற்றது மணத்துக்கு மட்டும். ஆப்பிள் சாறு 70 மில்லி, ஒரு சிறு துண்டுப் பட்டை. அன்னாசிச் சாறு 80 மில்லி, துருவிய இஞ்சி 10 கிராம். மாதுளைச் சாறு 60 மில்லி, உலர்ந்த ரோஜா இதழ் 1 கிராம். சாறும் பழத்துண்டும் உலர் திராட்சையும் ஒரே பாட்டிலில் போட்டால், குமிழி கூடினாலும் குறைந்தாலும் எதை மாற்றுவது என்றே தெரியாது. இஞ்சி சேர்ந்த பாட்டிலை மற்றவற்றைவிட ஒரு நாள் முன்னதாகச் சோதித்துப் பாருங்கள்.